மேடையில் செத்த கொம்பையா

ஆமா அண்ணாச்சி, நான்தான். சொல்லருவி தங்கப்பழம். கேபிள் டிவியில அந்த ஆன்லைன் சீட்டாட்ட விவாதத்துல பேசுனது நான்தான். நல்லா ஞாபகம் வச்சிருக்கீக. மதுரையில ஏறினதுலருந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தீகளே, கேக்கப் போறீகன்னு நினைச்சேன். முன்னெல்லாம் இப்படி யாராவது கேட்டா அன்னைக்கு எனக்கு ரெண்டு இட்லி கூட இறங்கும். இன்னைக்கு வேண்டாம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நமக்கு முன் சீட்டுல சன்னலோரமா ஒருத்தன் தூங்குதான் பாருங்க, மடியில பையோட. அவன் முழிச்சிரக் கூடாது.

யாரா? அந்த விவாதத்துல நான் ஒரு ஆளைப் பத்திச் சொன்னேனே, சீட்டாடி எல்லாத்தையும் தொலைச்சிட்டு ரயில் தண்டவாளத்துல தலையைக் கொடுத்தான்னு. மைக்செட்டு கொம்பையா. அவன்தான் இவன்.

ஆமா. செத்துப்போன கொம்பையாதான்.

அப்படிப் பாக்காதீக அண்ணாச்சி. கோவில்பட்டி வர்றதுக்குள்ள யார்கிட்டயாவது சொல்லிரணும்னுதான் நானும் வாரேன். நீங்க யாரு, எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான்.

கொம்பையா எங்க ஊர்ல மைக்செட்டு வச்சிருந்தான். என்னைவிட எட்டு வயசு சின்னவன். நான் கட்சிக் கூட்டத்துல பேசுற இருபது வருசமும் அவன் செட்டுதான். மேடையில முதல் ஆளாப் பேசுறது யாருங்கீக? தலைவரும் இல்லை, நானும் இல்லை. கொம்பையாதான். நாற்காலி போடுறதுக்கு முன்னாடியே மைக்கைத் தட்டிட்டு "அலோ... அலோ..."ம்பான். அந்தச் சத்தம் தெருவுல கேட்டாத்தான் இன்னைக்குக் கூட்டம் இருக்குன்னு ஊருக்கே தெரியும். நான் மேல போனாக் குரல் கிறீச்சுன்னு கத்தாமப் பாத்துக்கிடுவான், இருமல் வந்தா கைய வச்சு அமுக்கிருவான். என் பேச்சுல பாதி அவன் கையிலதான் இருந்துச்சு.

அந்தப் போன் விளையாட்டு எப்படி வந்துச்சுன்னா, எல்லாருக்கும் வந்த மாதிரிதான் அவனுக்கும் வந்துச்சு. போக்கர்ங்கான், ரம்மிங்கான். ஒருத்தரைச் சேத்துவிட்டா நமக்கு நூறு ரூபா ஏறும்னு ஒரு லிங்க் வரும் பாருங்க, அதை நான்கூட ஒரு பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பேன். அவனுக்கும் அனுப்பினேன். நான் ரெண்டு நாள் ஆடிப் பாத்துட்டு அழிச்சிட்டேன், அவன் அழிக்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அதை விடுங்க. நான் அனுப்பலேன்னா இன்னொருத்தன் அனுப்பியிருப்பான்.

பிறகு ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பின்னால உக்காந்து போனையே நோண்டிக்கிட்டிருப்பான். நான் மேடையில நின்னு மைக்கைத் தட்டுதேன், அவனுக்குக் கேக்கல. "என்னப்பா, ராணி வந்தாளா, ராசா வந்தானா"ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பான். மூணு மாசத்துல குழாய் ஸ்பீக்கர் விலைக்குப் போச்சு, பிறகு ஆம்ப்ளிபயர் போச்சு. அவன் பொண்டாட்டி சுப்புத்தாயி மகளிர் குழுத் தலைவி. குழுப் பணம் வீட்டுல இருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டு, போன வருசம் ஆனி மாசக் கடைசியில ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போயிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. அவ ஒத்தையில நிக்கா, குழுப் பொம்பளைக வாசல்ல வந்து நிக்காக. போனவன் எங்கன்னு தெரியல. அவ்வளவுதான் நடந்தது. ஓடிப்போனான், அவ்வளவுதான்.

இந்தச் சமயத்துலதான் ஆன்லைன் சீட்டைத் தடை பண்ணணும்னு எங்க கட்சி கூட்டம் போட்டுச்சு. ஆடிக் கடைசி. கோவில்பட்டியில பெரிய மேடை, வேற ஊர் செட்டு. தலைவர் வாராரு. தலைவர் வர்ற வரைக்கும் கூட்டத்தைக் கட்டிவைக்கிறதுதான் என் வேலை. இருபது வருசமா அதான் வேலை. பேச்சாளர்னா சும்மா பேசிட்டு இறங்குறதில்லை அண்ணாச்சி. கார் வர அஞ்சு நிமிசம்னா அஞ்சு நிமிசம், ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம், நாற்காலியில இருந்து ஒருத்தன் எந்திரிக்கக் கூடாது.

அன்னைக்கு நான் முடிக்கிற நேரம் பாத்து மாவட்டம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டாரு. மாவட்டச் செயலாளரை நாங்க மாவட்டம்னுதான் சொல்லுவோம். சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "இன்னும் அரை மணி நேரம். இழு." அவ்வளவுதான். என்கிட்ட இருந்த சரக்கெல்லாம் தீந்துபோச்சு. எத்தனை கோடி வியாபாரம்னு சொல்லியாச்சு, திறமை விளையாட்டுன்னு கம்பெனிக்காரன் சொல்லுதானே, அதையும் கிழிச்சாச்சு. பின்வரிசையில நாற்காலி நகருற சத்தம் கேக்குது. டீக்குப் போறேன்னு எந்திரிப்பாக, திரும்ப வர மாட்டாக.

அப்பத்தான் கொம்பையாவை எடுத்தேன்.

பேரோடதான் சொன்னேன். உள்ளூர் ஆளு, பேரைச் சொன்னாத்தான் உக்காருவாக. எங்க மைக்செட்டு கொம்பையா, இதே மேடையில அலோ சொன்னவன், ஆம்ப்ளிபயரை வித்தான், பொண்டாட்டி நடத்துற குழுப் பணத்தை எடுத்தான்னு சொல்லிக்கிட்டே வாரேன், ஒரு பய நகரல. எந்திரிச்சவனும் உக்காந்துட்டான். முன்வரிசையில ஒரு அம்மா, வயசானது, எழுந்து நின்னு கேட்டுட்டா. "அந்தப் பிள்ளை இப்ப எங்கய்யா இருக்கு?"

தெரியலைன்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா அந்தம்மா உச்சுக் கொட்டிட்டு உக்காந்திருக்கும், கூட்டம் கலைஞ்சிருக்கும், அவ்வளவுதான். நான் மைக்கைக் கையில எடுத்துட்டு, மேடை ஓரத்துக்கு வந்து, ஒரு நிமிசம் சும்மா நின்னேன். "அவன் போயிட்டான் தாயி"ன்னேன். "ஆடி அமாவாசை அன்னைக்கு, ஊரெல்லாம் செத்தவங்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிற அன்னைக்கு, எங்க கொம்பையா தண்டவாளத்துல போய்ப் படுத்துட்டான்"ன்னேன்.

ஆடி அமாவாசைன்னு யோசிச்சுச் சொல்லல. வாயில வந்துச்சு. மேடையில அது நல்லா நிக்கும், அதான். நான் அழுதேன் அண்ணாச்சி. நடிக்கல. நெசமாவே அழுகை வந்துருச்சு. கூட்டமே அழுதுச்சு. நாப்பது நிமிசம் கட்டிவச்சேன், வேற எவனாலயும் முடியாது. பெருமைக்குச் சொல்லல. தலைவர் ஏறி வந்து என் தோள்ல தட்டி, சால்வையைக் கழட்டி எனக்கே போட்டாரு.

மறுநாள் காலையில சுப்புத்தாயி என் வீட்டு வாசல்ல நிக்கா. கால்ல செருப்பில்ல. ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, நெசமா?"

உள்ள கூட்டிட்டுப் போய், இல்லை தாயி, மேடைக்காகச் சொல்லிட்டேன்னு கால்ல விழுந்திருக்கலாம். வீட்டுல கட்சிக்காரங்க ரெண்டு பேரு காப்பி குடிச்சிக்கிட்டிருந்தாக. அவுக முன்னாடி எப்படிச் சொல்ல? "ஆமா தங்கச்சி, சேதி வந்துச்சு"ன்னேன். உடம்பு எங்கன்னு கேட்டா. வடக்க எங்கயோ, ஆளு தெரியாம அடக்கம் பண்ணிட்டாகன்னேன். போலீஸ் ஸ்டேசனுக்குப் போவமான்னா. வேண்டாம்மா, தோண்டி எடுத்து அறுப்பாகன்னேன். எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல. மேடையில வர்ற மாதிரியே ஒண்ணொண்ணா வந்துக்கிட்டே இருந்துச்சு. அவ அழல. போயிட்டா.

இருபது நாள் கழிச்சு அவளுக்குக் கட்சி சார்புல ஒரு தையல் மிஷின் கொடுக்குறதுன்னு மாவட்டம் ஏற்பாடு பண்ணாரு. மோட்டார் வச்சது, நல்ல மிஷின்தான். இன்னைக்கும் அவ பொழைப்பு அதுலதான் ஓடுது, அதையும் சொல்லணும். ஆனா அவ பொட்டை எடுக்கல. "உடம்பைப் பாக்காம எப்படிண்ணே எடுக்க"ன்னு வச்சிக்கிட்டேதான் இருந்தா. பொட்டோட மேடையேத்துனா போட்டோ எடுபடாதுன்னு மாவட்டம் சொன்னாரு. யாரு போய்ச் சொல்ல? நான்தான் போனேன். "சட்டம் வரணும் தங்கச்சி, இன்னொரு வீடு இப்படி ஆகக் கூடாது பாரு"ன்னேன். சேலைத் தலைப்பால ஒரே இழுப்பு, என் முன்னாடியே தொடைச்சிட்டா.



புரட்டாசியில ஒரு போன். தெரியாத நம்பர். "அண்ணே, கொம்பையா பேசுதேன்." திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில இருக்கானாம். யாரோ வாட்சப்புல அனுப்புன என் பேச்சைக் கேட்டானாம். அவன் முதல்ல என்ன சொன்னான் தெரியுமா அண்ணாச்சி? "நல்லாப் பேசியிருக்கீகண்ணே. ஆனா ஒரே இரைச்சல். யாரு செட்டு?" பிறகுதான் கேட்டான். "நான் செத்துட்டதாச் சொல்லியிருக்கீக. நான் ஊருக்கு வரட்டுமாண்ணே?"

உடனே கிளம்பி வாடான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருப்பா, நாளைக்குக் கூப்புடுன்னு சொல்லிட்டு மாவட்டத்துகிட்ட ஓடினேன். அவர் கதவைச் சாத்திட்டுச் சொன்னாரு. "அடுத்த மாசம் மசோதா வருது. இப்ப அவன் உயிரோட வந்து நின்னா எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பாச் சிரிப்பான். மசோதா வர்ற வரைக்கும் செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். இழு."

மறுநாள் கொம்பையாகிட்ட சொன்னேன். "சரிண்ணே, சுப்புத்தாயி என்ன சொல்லுதா?"ன்னான். இங்கதான் நான் பெரிய பாவத்தைப் பண்ணினேன். அவகிட்ட நான் சொல்லவே இல்லை. சொன்னா அவ அன்னைக்கே திருப்பூருக்கு பஸ் ஏறிருவா. "அவளுக்கு எல்லாம் தெரியும்ப்பா, சரின்னுட்டா. நீ செத்ததா இருக்கிறதால குழுக்காரிக யாரும் வாசல்ல வந்து நிக்கறதில்ல, போன் மட்டும் பண்ண வேண்டாம்னா"ன்னேன். "சரிண்ணே"ன்னான். அவன் எதுக்கும் சரிண்ணேன்னுதான் சொல்லுவான், அது ஒரு கோளாறு.

ஆக அவளுக்கு ஒரு பொய், இவனுக்கு ஒரு பொய்.

மசோதா வந்துச்சு. வரட்டுமாண்ணேன்னான். கையெழுத்து ஆகல, பொறுன்னேன். கையெழுத்து ஆச்சு. வரட்டுமாண்ணேன்னான். கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போயிட்டான், தீர்ப்பு வரட்டும், பொறுன்னேன். நடுவுலதான் அந்த டிவி விவாதம். எதுத்து உக்காந்திருந்த வக்கீல், இதுல அதிர்ஷ்டமே கிடையாது, மூளையுள்ளவன் ஜெயிப்பான்னாரு. "எங்க கொம்பையா இருட்டுல ஆம்ப்ளிபயரைப் பிரிச்சு மாட்டுவான்யா, அவனுக்கா மூளையில்ல? அவன் எங்க?"ன்னு கேட்டேன். செத்தவனை எதுத்து யாரு பேசுவா? நீங்ககூட அதைக் கேட்டுத்தானே என்னை ஞாபகம் வச்சிருக்கீக. அன்னைக்கு ராத்திரி கொம்பையாதான் போன் பண்ணி, இன்னைக்கு உங்க குரல் நல்லா இருந்துச்சுண்ணேன்னான்.

பங்குனியில ஒரு தடவை கேட்டான். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு அவ கேக்கவே இல்லையாண்ணே?" "கேக்கலப்பா"ன்னேன். அதுக்குப் பிறகு அவன் கூப்பிடவே இல்லை. எனக்கு அது ஒரு வகையில நிம்மதியாக்கூட இருந்துச்சு. உள்ளதைச் சொல்லுதேன்.

சட்டம் நியாயம் அண்ணாச்சி. அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்லை. அந்த விளையாட்டால நெசமாவே செத்தவன் இருக்கான், நெசமாவே தெருவுக்கு வந்த குடும்பம் இருக்கு. அவுக பேரைச் சொல்லியிருந்தாலே போதும். இவன் நாளைக்கு உயிரோட பஜார்ல நடந்து போனா, கம்பெனிக்காரன் வக்கீல் என்ன கேப்பான்? மத்தவனும் இப்படித்தான் செத்தானான்னு கேப்பான். நெசமாச் செத்தவன் பேரையும் சேத்து நான் கெடுத்துட்டேன். அரை மணி நேரத்துக்காக.

நாலு நாளைக்கு முன்னாடி சுப்புத்தாயி என் வீட்டுக்கு வந்தா. "வர்ற அமாவாசை அவருக்கு வருசம்ணே. படையல் வைக்கேன். நீங்கதான் வந்து ரெண்டு வார்த்தை பேசணும்"ன்னா. ஆடி அமாவாசை. நான் மேடையில வாய்க்கு வந்ததைச் சொன்ன தேதி. அவ அதை நாள்காட்டியில பொட்டு வச்சு வச்சிருக்கா. சரின்னு சொல்லி அனுப்பிட்டு, ஒரு பேப்பரை எடுத்து என்ன பேசலாம்னு எழுதக்கூட உக்காந்துட்டேன் அண்ணாச்சி. நாலு வரி எழுதிட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. அந்த நாலு வரியைப் படிச்சுப் பாத்த பிறகுதான் எனக்கு என் மேலயே அருவருப்பு வந்துச்சு. நேத்துக் கிளம்பித் திருப்பூர் போனேன்.

ஒரு ரூம்ல ஆறு பேரு. இவன் மெலிஞ்சுபோய்க் கிடந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "தீர்ப்பு வந்துருச்சாண்ணே?"ன்னு கேட்டான்.

வந்துருச்சுன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. "சுப்புத்தாயி உன்னை வரச்சொன்னா"ன்னேன். அவன் முகம் எப்படி ஆச்சுங்கீக. விடிஞ்சா பஸ், அதுக்குள்ள கடையைத் தட்டித் திறக்கச் சொல்லி ஒரு சேலை எடுத்துட்டான். செவப்பு. அந்தப் பையிலதான் இருக்கு. இப்ப பட்டன் போன்தான் வச்சிருக்கான். "இதுல சீட்டு வராதுண்ணே"ன்னு என்கிட்ட காட்டுனான். பக்கத்துல உக்காருங்கண்ணேன்னுதான் கூப்பிட்டான். என்னால உக்கார முடியல. காத்து வேணும்னு சொல்லிட்டுப் பின்னால வந்துட்டேன்.

இன்னைக்குத்தான் அமாவாசை. அவனுக்குத் தெரியாது. மாலை போட்ட அவன் போட்டோவுக்கு முன்னாடி அவனையே கொண்டுபோய் நிப்பாட்டப் போறேன். அவகிட்டயாவது முன்கூட்டிப் போன்ல சொல்லிருவோம்னு விடியல்லருந்து போனைக் கையில வச்சிருக்கேன். திண்டுக்கல்ல சொல்லலாம்னு பாத்தேன். மதுரையில சொல்லலாம்னு பாத்தேன். விருதுநகரும் போயிருச்சு.

ஒரு நிமிசம் அண்ணாச்சி. அவதான் கூப்பிடுதா.

சொல்லு தங்கச்சி... ஆமா, சாத்தூர் தாண்டியாச்சு... இலை போட்டாச்சா... எல்லாரும் வந்தாச்சா... இல்லை, இல்லை, சூடம் காட்டிராதீக. நான் சொல்லுதேன் கேளு தங்கச்சி... அது வந்து... அது என்னன்னா... ஒரு முக்கியமான ஆளு என்கூட வந்துக்கிட்டிருக்காரு. ஆமா, பெரிய ஆளுதான். இன்னும் அரை மணி நேரம். எப்படியாவது இழு தாயி...

கேட்டீகளா? உயிரோட இருக்கான்னு சொல்லணும். அவ கேட்ட ரெண்டு வார்த்தை அவ்வளவுதான். அது வரல. மாவட்டம் சீட்டுல எழுதுனதுதான் என் வாயில வருது. இன்னும் லைன்லதான் இருக்கா. யாருண்ணே, யாருண்ணேங்கா.

கொம்பையா... முழிச்சிட்டியாப்பா? எப்ப...

தூங்கவே இல்லையாம் அண்ணாச்சி. மதுரையிலருந்து எல்லாம் கேட்டுச்சாம். மைக் இல்லாமயே தெளிவாக் கேட்டுச்சுண்ணேங்கான். திட்டல. கையை மட்டும் நீட்டுதான்.

இந்தாப்பா.

காதுல வச்சிட்டான். நான் அந்தப் பக்கம் பாக்கல, நீங்க பாத்துச் சொல்லுங்க... "அலோ"ங்கான். கேட்டீகளா, அதே குரல். "அலோ... அலோ..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இப்ப வருது. எனக்கே இங்க கேக்குது. அழுகுதாளா கத்துதாளான்னு தெரியல. பேரைச் சொல்லித்தான் கூப்பிடுதா.

கண்டக்டர் சார், இங்க வாங்க. கோவில்பட்டிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். அந்த முன் சீட்டுக்காரர் மட்டும்தான் இறங்குவாரு. எனக்குத் திருநெல்வேலி வரைக்கும் போட்டுக் கொடுங்க.